காரணத்தோடு ஒரு வரி

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் நாம் மாற்றக்கூடிய அமைப்புகள் எண்ணூறுக்கும் மேல். கைதேர்ந்த ஒருவர் நிறுவிய சர்வரில் அவற்றுள் இருபதிலோ முப்பதிலோதான் கை பட்டிருக்கும். மற்றவை வந்தபடியே கிடக்கும். புதிதாக ஒரு சர்வர் என் பொறுப்புக்கு வந்தால் முதலில் 'போஸ்ட்கான்ஃப் -என்' என்று தட்டிப் பார்ப்பேன். மெயின்.சிஎஃப் என்ற கோப்பில் நிறுவியவர் எழுதி வைத்தவற்றை மட்டும் அந்தக் கட்டளை வரிசையாகக் காட்டும். பட்டியல் ஒரு திரைக்குள் அடங்கிவிட்டால் எழுதியவர்மேல் மதிப்பு வந்துவிடுகிறது. திரை தாண்டி ஓடிக்கொண்டே இருந்தால், யாரோ எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வரிகள் உள்ளே இருக்கின்றன என்று புரிந்துவிடும்.

அடுத்து கோப்பையே திறந்து பார்க்க வேண்டும். ஒரு வரி என்ன செய்யும் என்பதைக் கையேடு சொல்லிவிடும். இந்த ஊரில், இந்த அலுவலகத்தில், இந்த எண் எதற்காக என்பதை அதை எழுதியவர் மட்டுமே சொல்ல முடியும். அதைச் சொல்லாமல் அவர் வேலை மாறிப் போய்விட்டால் அந்த அறிவும் கூடவே போய்விடுகிறது. பிறகு வருகிறவர் அந்த வரியைத் தொட அஞ்சுவார், அல்லது அஞ்சாமல் அழித்துவிடுவார். இரண்டுமே கேடு. மெயில் சர்வர் அமைப்பதை ஒரு கலையாக நான் ரசிப்பதற்குக் காரணம், காரணத்தை எழுதி வைத்துவிட்டுப் போகிற மனிதர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்பதுதான்.

போஸ்ட்ஃபிக்ஸின் கோப்பு இலக்கணத்திலேயே இதற்கான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அமைப்பின் பெயர், சமக்குறி, மதிப்பு: ஒரு வரி அவ்வளவுதான். எண் குறியில் (#) தொடங்கும் வரி குறிப்பு. சர்வர் அதைப் படிக்காமல் தாண்டிவிடும். ஆனால் மதிப்பை எழுதிவிட்டு அதே வரியின் கடைசியில் குறிப்பு எழுத முடியாது. எழுதினால் அதையும் மதிப்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே காரணம் எப்போதும் வரிக்கு மேலே தனி வரியாக நின்றாக வேண்டும். முதலில் ஏன், பிறகு என்ன. தொடக்கத்தில் இது வசதிக் குறைவாகத் தோன்றும். பழகிய பிறகு, இந்த முறையில் எழுதிய கோப்பு மேலிருந்து கீழே உரைநடைபோல ஓடுவதைக் காணலாம். இன்னொரு சலுகையும் உண்டு. ஒரு மதிப்பு நீண்டு பல வரிகளுக்குப் போனால், இடைவெளி விட்டுத் தொடங்கும் வரி முந்தையதன் தொடர்ச்சி. அந்தத் தொடர்ச்சிகளுக்கு நடுவிலும் குறிப்பு எழுதலாம். வரிசை மாறினால் பொருளே மாறிவிடும் தடைப் பட்டியல்களில், ஒவ்வொரு தடையும் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

இந்தத் தெளிவு எளிதில் வந்ததில்லை.

பெர்க்லியில் எரிக் ஆல்மன் 1979இல் டெலிவர்மெயில் என்ற மெயில் மென்பொருளை எழுதினார். 1983இல் அது செண்ட்மெயில் ஆனது. அன்றைக்கு வலையமைப்பு ஒன்றல்ல. அர்ப்பாநெட் முகவரி ஒரு மாதிரி, யூயூசிபி முகவரி ஆச்சரியக்குறிகளால் கோத்த பாதையாக வேறொரு மாதிரி. ஓர் உலகத்து முகவரியை இன்னோர் உலகத்துக்கு மாற்றி எழுதும் விதிகளைச் செண்ட்மெயிலின் அமைப்புக் கோப்பு சுமந்தது. டாலர் குறிகளும் நட்சத்திரங்களும் நிறைந்த அந்தக் கோப்பு உண்மையில் ஒரு நிரல்மொழி. இரண்டு பத்திகளுக்கு நடுவே டேப் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடங்களைத் தட்டிவிட்டால் விதி வேலை செய்யாது. 1993இல் ஓரைலி பதிப்பகம் அதற்காக ஒரு புத்தகம் கொண்டுவந்தது. அட்டையில் பழந்தின்னி வௌவால். பிற்காலப் பதிப்புகள் ஆயிரம் பக்கத்தைத் தாண்டின. அந்தக் கோப்பைப் பழிப்பது வழக்கமாகிவிட்டது. நான் பழிக்க மாட்டேன். சிதறிக் கிடந்த உலகத்தை ஒன்றாகத் தைக்க அன்று அப்படி ஒரு கருவிதான் வேண்டியிருந்தது. ஆனாலும் கடினமான ஒன்றைக் கையாளத் தெரிந்துவிட்டால் அதை விளக்கி எழுதத் தேவையில்லை என்ற மனப்போக்கையும் அந்தக் கடினமே வளர்த்துவிட்டது என்று நினைக்கிறேன். எம்4 என்ற சுருக்கெழுத்து முறை வந்த பிறகே, சில வரிகள் எழுதி முழுக் கோப்பையும் உருவாக்க முடிந்தது. அந்தச் சில வரிகளுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுத மனமும் வந்தது.

டேனியல் பெர்ன்ஸ்டைன் எதிர்முனைக்குப் போனார். அவருடைய க்யூமெயில் சர்வரில் ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு தனிக் கோப்பு. கோப்பின் பெயரே அமைப்பின் பெயர். உள்ளே மதிப்பு மட்டும். சர்வரின் பெயரைச் சொல்லும் கோப்புக்கு 'மீ' என்று பெயர், உள்ளே ஒரே வரி. பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தால் 500 டாலர் தருவேன் என்று 1997இல் அறிவித்தவர் அவர். அந்தச் சிக்கனம் என்னைப் பல நாள் மயக்கியது. ஆனால் ஒரு சொல் மட்டுமே உள்ள கோப்பில் காரணத்துக்கென்று இடம் ஒதுக்கவில்லை. இப்போது பார்க்கும்போது அந்த அழகில் எனக்குக் குளிர் அடிக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ஹேசல் 1995இல் தொடங்கிய எக்ஸிம் வேறு சாதி. அதனோடு வரும் மாதிரிக் கோப்பில் அமைப்புகளைவிடக் குறிப்புகள் அதிகம். ஹேசல் ஓர் ஆசிரியரின் பொறுமையோடு எழுதினார். அவருடைய கையேட்டை வேலை இல்லாத நாளிலும் எடுத்துப் படிக்கலாம்.

போஸ்ட்ஃபிக்ஸை எழுதிய வீட்ஸ வெனெமா நெதர்லாந்துக்காரர். க்ரோனிங்கனில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஐபிஎம்மின் வாட்சன் ஆய்வகத்தில் இருந்தபோது எழுதிய இந்த மென்பொருள் 1998 டிசம்பரில் வெளியானது. ஒரே பெரிய நிரலாக இல்லாமல், வாங்குவதற்கு ஒன்று, சுத்தம் செய்ய ஒன்று, வரிசையைப் பார்க்க ஒன்று, அனுப்ப ஒன்று என்று சிறு நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான அதிகாரத்தை மட்டும் கொடுத்தார். நிரலின் பெருமையைப் பலரும் பேசியாயிற்று. நான் பேச வந்தது அவர் எழுதிய ஆவணங்களைப் பற்றி.

தொடக்க அமைப்புக்கான அவருடைய ஆவணம் கட்டளைகளை அடுக்கித் தொடங்குவதில்லை, கேள்விகளாக நகர்கிறது. வெளியே போகும் கடிதத்தில் எந்தப் பெயர் இருக்க வேண்டும்? எந்தப் பெயர்களுக்கு வரும் கடிதங்களை நீங்கள் ஏற்பீர்கள்? யாருக்காக வெளியே அனுப்பித் தருவீர்கள்? எந்த இடங்களுக்கு அனுப்புவீர்கள்? நேராகவா, இன்னொருவர் வழியாகவா? எந்தக் கோளாறு நடந்தால் பொறுப்பாளருக்குச் சொல்ல வேண்டும்? இவற்றுக்கு விடை தெரிந்தவர் ஏறக்குறைய அமைத்து முடித்தவர். விடை தெரியாதவர் கோப்பைத் திறக்காமல் எழுந்துபோய் அலுவலகத்தில் யாரையாவது கேட்க வேண்டும். மாதிரிக் கோப்பின் தலைப்பிலும் ஓர் அறிவுரை உண்டு: ஒரே சமயத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் மாற்றாதீர்கள், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓடுகிறதா என்று பாருங்கள். கோப்பைத் திறந்த யாரும் அதைப் பார்க்காமல் தாண்ட முடியாது. இந்தத் தொழிலில் முதல் பாடம் எங்கே எழுதப்பட வேண்டுமோ அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது.

கையேட்டில் ஒவ்வோர் அமைப்புக்கும் பெயர், உள்ளிருப்பு மதிப்பு (நாம் எதுவும் எழுதாவிட்டால் இருப்பது), என்ன செய்யும், எந்தப் பதிப்பில் வந்தது என்ற நான்கும் இருக்கும். கடைசி விவரம் பலருக்குப் பொருட்டாகத் தெரியாது. பழைய சர்வரைப் பழுதுபார்க்க உட்கார்ந்தவருக்கு அதுதான் முதலில் வேண்டும்.

யாருக்காக வெளியே அனுப்பித் தருவீர்கள் என்ற கேள்வியை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவருக்குப் புதுச்சேரி கனகசெட்டிக்குளத்தில் தொடங்குகிறது. கணபதிசெட்டிக்குளம், காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி தாண்டியதும் முடிந்தும்விடுகிறது. பொம்மையார்பாளையமும் கோட்டக்குப்பமும் தமிழ்நாடு. முத்தியால்பேட்டையில் மறுபடி புதுச்சேரி. ஃபிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன இந்தத் துண்டு துண்டான எல்லையால், கனகசெட்டிக்குளம் சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி எங்கிருந்து, எங்கே, உள்ளே என்ன என்று கேட்பது எங்களுக்குப் பழகிய காட்சி. மெயில் சர்வரின் வாசலிலும் அதே விசாரணைதான். அனுப்புகிறவர் நம்மவரா? பெறுகிறவர் நம்மவரா? ஒன்றுக்காவது ஆம் என்றால் வழி விடலாம். இரண்டுக்கும் இல்லை என்றால், யாரோ யாருக்கோ அனுப்புவதை நம் தோளில் ஏற்றப் பார்க்கிறார்கள் என்று பொருள்.

இதைத் தடுக்காத சர்வருக்குத் 'திறந்த ரிலே' என்று பெயர். ஒரு காலத்தில் பெரும்பாலான சர்வர்கள் அப்படித்தான் இருந்தன. இணையம் சிறியதாக இருந்தபோது அது அண்டை வீட்டுக்காரருக்குச் செய்யும் உதவி. குப்பைக் கடிதம் பெருகிய பிறகு அதே உதவி ஊருக்கே தொல்லையானது. 1998 மே மாதம் வந்த செண்ட்மெயில் 8.9 முதன்முறையாக ரிலேயை உள்ளிருப்பாகவே மூடியது. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகியிராத நேரம் அது. சென்னை வாடிக்கையாளர்களின் முகவரிகளில் ஜிஐஏஎஸ்எம்டி01 என்ற சர்வர் பெயர் அப்படியே தெரிந்த காலம்.

போஸ்ட்ஃபிக்ஸ் தொடக்கத்திலிருந்தே இந்த வாசலை மூடித்தான் வைத்திருந்தது. ஆனால் குப்பைக் கடிதத் தடைகளும் ரிலே தடையும் ஒரே பட்டியலில் இருந்தன. குப்பையைத் தடுக்க வரிசையை மாற்றிய ஒருவர் தெரியாமல் வாசலையே திறந்துவிட முடிந்தது. 2013இல் வந்த 2.10 பதிப்பில் வெனெமா ரிலே தடைகளைத் தனிப் பட்டியலாகப் பிரித்தார். அதன் உள்ளிருப்பு மதிப்பில் நான் வியக்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் நம் வலையமைப்புக்கு அனுமதி. அடுத்து கடவுச்சொல் கொடுத்து வந்தவருக்கு அனுமதி. கடைசியில் மற்றவர்களுக்கு 'ரிஜெக்ட்' என்று எழுதாமல் 'டிஃபர்' என்று எழுதியிருக்கிறார். அதாவது 'முடியாது' என்று துரத்தாமல், 'இப்போதைக்கு முடியாது, பிறகு வா' என்று சொல்வது.

இந்த வேறுபாட்டின் மதிப்பை உணர, 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற விதித்தொகுப்புக்குப் போக வேண்டும். மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் எஸ்எம்டிபி முறையை வகுத்தது அதுதான். ஒவ்வொரு பதிலும் மூன்று இலக்க எண்ணில் தொடங்கும். இரண்டில் தொடங்கினால் சரி. நான்கில் தொடங்கினால் தற்காலிகத் தடை. அனுப்பியவர் கடிதத்தை வைத்திருந்து மீண்டும் முயல வேண்டும். ஐந்தில் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். 450க்கும் 550க்கும் இடையில் ஒரே ஓர் இலக்கம்தான் மாறுகிறது. அந்த ஓர் இலக்கத்தில் ஒருவருடைய வேலை விண்ணப்பம் போய்ச் சேர்வதும் சேராததும் இருக்கிறது. புதிதாக அமைப்பவர் தவறு செய்திருந்தால், 'டிஃபர்' என்ற உள்ளிருப்பால் கடிதங்கள் அழியாமல் அனுப்பியவரின் வரிசையில் காத்திருக்கும். தவறைத் திருத்தியதும் வந்து சேரும். 'சாஃப்ட்_பவுன்ஸ்' என்று இன்னோர் அமைப்பும் உண்டு. அதை 'எஸ்' என்று வைத்தால் ஐந்தாம் வகைப் பதில்கள் எல்லாமே நான்காம் வகையாகிவிடும். சோதனை நாட்களுக்காகவே செய்தது. கற்றுக்கொண்டிருப்பவரின் தடுமாற்றத்துக்கு யாரோ முகம் தெரியாதவரின் கடிதம் பலியாகக் கூடாது என்று நினைத்த ஒருவர்தான் இப்படிச் செய்வார்.

நான்காம் வகைப் பதில் கிடைத்தால் எத்தனை நாள் காத்திருப்பது? விதித்தொகுப்பின் பிந்தைய வடிவமான, 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321, கைவிடும் முன் பொதுவாக நான்கைந்து நாட்களாவது முயல வேண்டும் என்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் உள்ளிருப்பு 5 நாள். முதல் தோல்விக்குப் பின் 300 வினாடி, பிறகு இடைவெளி கூடிக்கூடி அதிகபட்சம் 4000 வினாடி. அந்த 5 நாளும் இப்படித் தட்டிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கடற்கரையில் 5 நாள் என்பதை யோசித்துத்தான் ஏற்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையேறியது. மின்கம்பங்கள் சாய்ந்து, பல பகுதிகளுக்கு மின்சாரம் திரும்ப நாட்கள் பல ஆயின. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகரை வெள்ளக்காடாக்கியது. ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்து, இணையக் கேபிள் அறுந்து கிடக்கும் நாட்களில், இங்கே வர வேண்டிய கடிதங்களை வைத்துக்கொண்டு உலகமெங்கும் சர்வர்கள் காத்திருக்கும். ஆறாம் நாள் அவை திரும்பத் தொடங்கும். மற்றவர்களுடைய சர்வரில் அந்த 5 நாளை நாம் நீட்ட முடியாது. புயல் எட்டாத ஊரில் இரண்டாவது சர்வர் ஒன்றை வைத்து, பெயர்ப் பதிவில் (டிஎன்எஸ்) முதல் சர்வருக்கு 10, அதற்கு 20 என்று முன்னுரிமை எண் கொடுத்துவிட்டால், முதலாவது எழாதபோது கடிதங்கள் அங்கே போய்ச் சேரும். அந்தச் சர்வர் நம்முடையது. அதில் காத்திருப்பை நம் விருப்பப்படி வைக்கலாம்.

நான் எழுதினால், காத்திருப்பு நாளைச் சொல்லும் வரிக்கு மேலே குறிப்பு இப்படி இருக்கும்: 'புயலுக்குப் பிறகு மின்சாரம் வர 5 நாளுக்கு மேல் ஆகலாம் (தானே, 2011). ஆகவே இந்தச் சர்வரில் மட்டும் 15 நாள். முதல் சர்வரில் 5 நாளே இருக்கட்டும். அங்கிருந்து வெளியே போகும் கடிதம் போகவில்லை என்பது அனுப்பியவருக்குச் சீக்கிரம் தெரிய வேண்டும்.' வரி ஒன்றுதான். மேலே இருப்பது ஊரின் வானிலை, மின்வாரியத்தின் வேகம், கடிதம் எழுதியவரின் பதற்றம். இதை எடுத்துவிட்டு 15 என்ற எண்ணை மட்டும் விட்டுப் பாருங்கள். யாராவது ஒருவர் நல்ல எண்ணத்தோடே அதை மறுபடி 5 ஆக்கிவிடுவார்.

இரண்டாவது சர்வர் வைப்பவர்கள் வழக்கமாக விட்டுவிடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்மிடம் உண்மையில் யார் யாருக்கு முகவரி இருக்கிறது என்ற பட்டியல் அந்தச் சர்வருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இல்லாத பெயருக்கு வரும் குப்பையையும் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு முதல் சர்வர் மறுக்கும்போது, போலியாக இடப்பட்ட அனுப்புநர் முகவரிக்கு, அதாவது ஒன்றும் அறியாத யாரோ ஒருவருக்கு, அதைத் திருப்பி அனுப்பும். போஸ்ட்ஃபிக்ஸ் ஆவணங்களில் இந்தப் பின்சிதறலுக்கென்றே ஒரு தனிக் கட்டுரை இருக்கிறது.

எழுதியதற்குக் காரணம் வேண்டும் என்பதோடு இது முடிவதில்லை. எழுதாமல் விட்டதற்கும் வேண்டும். 2015இல் வந்த 3.0 பதிப்பு வரை, 'நம் வலையமைப்பு' எது என்று நாம் சொல்லாவிட்டால், சர்வர் இருக்கும் துணைவலை முழுவதையும் போஸ்ட்ஃபிக்ஸ் நம்பியது. சொந்தக் கட்டடத்தில் கம்பி இழுத்து வைத்திருந்த காலத்தில் அது நியாயம். வாடகைச் சர்வரில் பக்கத்து எண் யாருடையது என்றே தெரியாது. ஆகவே 3.0இலிருந்து, தன்னை மட்டும் நம்புவது உள்ளிருப்பானது. ஆனால் பழைய உள்ளிருப்பை நம்பி, அதைக் கோப்பில் எழுதாமலே இயங்கிக்கொண்டிருந்த அலுவலகங்கள் பதிப்பு மாற்றியதும் முடங்கிவிடக் கூடாதே! அதற்காக 'காம்பாட்டிபிலிட்டி_லெவல்' என்ற ஓர் எண்ணைப் புகுத்தினார்கள். அந்த எண் கோப்பில் இல்லை என்றால், இது பழைய காலத்தில் எழுதியது என்று புரிந்துகொண்டு, பழைய உள்ளிருப்பிலேயே ஓடிக்கொண்டு, எந்தெந்த இடத்தில் பழையதை நம்புகிறேன் என்று லாகில் எழுதிவிடும். எந்தக் காலத்து மனிதர் எழுதியது என்று ஒரு கோப்பு தானே சொல்வதும், அதை மதித்து மென்பொருள் நடந்துகொள்வதும் எனக்கு மிகப் பிடித்த நாகரிகம். அதைப் பார்த்தபின் நானும் கோப்பின் தலையில் ஒரு பத்தி எழுதுகிறேன்: எந்தெந்த அமைப்புகளை யோசித்து, வேண்டுமென்றே உள்ளிருப்பில் விட்டிருக்கிறேன் என்று.

ஆவணத்தில் மாதிரிக்காக எண்களையும் பெயர்களையும் போடுவதிலும் ஒரு மரபு இருக்கிறது. கையில் கிடைத்த பெயரைப் போட்டால், படிக்கிறவர் அப்படியே நகலெடுத்து ஒட்ட, எங்கோ ஒருவருடைய சர்வரின் கதவு தட்டப்படும். அதற்காகவே 1999இல் ஆர்எஃப்சி 2606 எக்சாம்பிள்.காம் போன்ற பெயர்களை யாருக்கும் விற்காமல் ஒதுக்கி வைத்தது. 2010இல் ஆர்எஃப்சி 5737, 192.0.2, 198.51.100, 203.0.113 என்று தொடங்கும் மூன்று எண் தொகுதிகளை ஆவணங்களுக்காக மட்டும் ஒதுக்கியது. ஒரு குறிப்பேட்டில் 192.0.2.25 என்று கண்டால் எழுதியவர் மரபறிந்தவர் என்று அந்த ஓரிடத்திலேயே தெரிந்துவிடும்.

தேதியைத் தொழிலின் உறுப்பாக்கிய வழக்கமும் எனக்குப் பிடிக்கும். பெயர்ப் பதிவுக் கோப்பின் தலையில் ஒரு வரிசை எண் இருக்கும். கோப்பு மாறும்போதெல்லாம் அது கூட வேண்டும். ஒன்று, இரண்டு என்று போடலாம்தான். ஆண்டு, மாதம், நாள், அன்றைய எத்தனையாவது மாற்றம் என்று 2024120101 போல எழுதுவது நெடுநாள் வழக்கு. கூட வேண்டும் என்ற விதியும் நிறைவேறுகிறது, எப்போது மாற்றினோம் என்ற செய்தியும் எண்ணுக்குள் அமர்ந்துவிடுகிறது. கடிதங்களில் கையொப்பமிடும் டிகேஐஎம் சாவிக்கு இடும் பெயரிலும் ஆண்டைச் சேர்த்துவிடலாம். சாவி மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டதா என்று பெயரே சொல்லும். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் வேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரியில் கட்டாயமாக்கிய பிறகு இந்தப் பெயர்ப் பதிவு வரிகள் எல்லா ஊர்களிலும் பெருகிவிட்டன. அங்கே குறிப்பு எழுதப் பெரும்பாலும் வழியில்லை. நம் பெயரில் யார் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரியில் ஒரு பெயர் ஏன் சேர்க்கப்பட்டது, அந்தச் சேவையை இன்னும் பயன்படுத்துகிறோமா என்பதையெல்லாம் தனி ஏட்டில்தான் வைக்க வேண்டும். அதில் பத்துத் தேடலுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு இருப்பதால், காரணம் தெரியாத பெயர் ஒன்று கிடந்தால்கூட இடம் போய்விடும்.

அந்தத் தனி ஏட்டை ஓரிடத்தில் மட்டும் வைக்கக் கூடாது: மெயிலில். சர்வர் விழுந்த இரவில் அதைத் திறக்க முடியாது. அச்சிட்டு ஒரு படி சர்வர் அறையில் தொங்க வேண்டும். அதில் இணைய நிறுவனத்தின் தொலைபேசி எண், பெயர்ப் பதிவு எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்ற நான்கு செய்திகளும் முதல் பக்கத்திலேயே வேண்டும்.

குறிப்புகளைத் தமிழில் எழுதுவது பற்றி என் கருத்து உறுதியானது. அமைப்பின் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கும், இருக்கட்டும். எண் குறிக்குப் பின்னால் வருவது மனிதருக்கு. காலாப்பட்டிலோ பிள்ளைச்சாவடியிலோ படித்துவிட்டு வேலைக்கு வரும் ஒரு பெண் அந்தக் கோப்பைத் திறக்கும்போது, ஏன் என்ற கேள்விக்கு அவளுடைய மொழியிலேயே விடை இருந்தால், அஞ்சாமல் மாற்றுவாள், மாற்றியதற்குத் தானும் காரணம் எழுதுவாள். 2012 ஜனவரி முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எளிய தமிழில் எழுதி வருகிறது. தொழில்நுட்பத் தமிழ் வாழ்வதற்குப் பெரிய கலைச்சொல் அகராதிகளைவிட இப்படிப்பட்ட எழுத்தும், அதைப் படித்தவர்கள் தங்கள் கோப்புகளில் இடும் இரண்டு வரிக் குறிப்புகளும் அதிகம் உதவும் என்று நம்புகிறேன்.

இப்போது அமைப்பின் மதிப்பிலேயே தமிழ் வரத் தொடங்கிவிட்டது. .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என்ற தமிழ் மேற்பெயர்கள் 2010, 2011 ஆண்டுகளில் வந்தன. முகவரியின் முதல் பாதியையும் எந்த எழுத்திலும் எழுதலாம் என்று 2012இல் ஆர்எஃப்சி 6531 வழி செய்தது, போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 அதை ஏற்றது. அங்கே நம் எழுத்துக்கே உரிய ஒரு சிக்கல் காத்திருக்கிறது. 'கொ' என்பதை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது ககரத்தோடு எகரக் குறியும் கால் குறியும். இவை இரண்டும் ஒன்றே என்று யுனிகோட் விதி சொல்வதால் இயல்பாக்கம் செய்தால் தீர்ந்துவிடும். ஔகாரத்தில் அப்படித் தீராது. கௌரி என்பதை ஔகாரக் குறியோடு சரியாகத் தட்டுகிறவர்கள் உண்டு. ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டி கெளரி என்று எழுதுகிறவர்களும் ஏராளம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இவை வேறு வேறு பெயர்கள், எந்த இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது. ஆகவே கௌரி என்ற பெயரில் ஒரு முகவரி தரும்போது, மாற்றுப்பெயர் அட்டவணையில் இரண்டையும் எழுதி, இரண்டையும் ஒரே பெட்டிக்கு அனுப்ப வேண்டும். மேலே, முதலாவது ஔகாரக் குறியோடு எழுதியது, இரண்டாவது ளகரத்தோடு எழுதியது, இரண்டும் தேவை என்று ஒரு குறிப்பு வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால், ஒரே பெயர் தவறுதலாக இருமுறை வந்திருக்கிறது என்று எண்ணி, அடுத்து வருகிறவர் கோப்பைச் சுத்தம் செய்யும்போது இரண்டில் ஒன்றை நீக்கிவிடுவார்.